பின் சக்கரத்துக்கு வந்த ஹேண்ட்பிரேக்

ஆறு வருஷம் எங்கள் ஜீப்புக்கு நான்தான் ஹேண்ட்பிரேக். இன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. அப்போது சிரிப்பு வரவில்லை.

கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுவது எங்கள் தொழில். அண்டா, குண்டான், இட்லிக் கொப்பரை எல்லாவற்றையும் ட்ரெயிலரில் ஏற்றி, ஒரு பழைய மிலிட்டரி ஜீப்பில் மாட்டி இழுத்துக்கொண்டு போவோம். ஜீப் என் வீட்டுக்காரர் ஏலத்தில் எடுத்தது. என்னைவிட அதற்கு வயது அதிகம். சேறு, மணல், ஏரிக்கரை எதுவும் அதற்குப் பொருட்டில்லை, ஓடும். நிற்பதுதான் அதற்கு வராது.

அந்தக் காலத்து ஜீப்பில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இருக்காது. கியர்பாக்ஸுக்குப் பின்னால் சுழலும் ஷாஃப்டில் ஒரு சின்ன டிரம் இருக்கும், அதைத்தான் பிடிக்கும். எங்கள் வண்டியில் கியர்பாக்ஸ் ஆயில் கசிந்து கசிந்து அந்த டிரம்மில் எப்போதும் ஒரு பூச்சு. லீவரை இழுத்தால் பிடித்த மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்தில் நழுவும். சீல் மாற்றினோம், மறுபடியும் கசிந்தது. கியரில் போட்டு நிறுத்தக் கூடாதா, சக்கரத்துக்குக் கல் வைக்கக் கூடாதா என்பீர்கள். கியரும் தேய்ந்த கியர். கல் வைத்தால் ட்ரெயிலர் பாரத்தில் கல்லையும் தள்ளிக்கொண்டு இறங்கும். அதனால் வீட்டுக்காரர் பாத்திரம் இறக்கப் போனால், நான் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து கால் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். கல்யாண வீட்டில் எல்லோரும் பந்தியில் இருப்பார்கள், எனக்கு இட்லி இலையில் மடித்து ஜீப்புக்கு வரும். "உங்க வூட்டம்மா எறங்க மாட்டாங்களா, கோவமா?" என்று அவரிடம் கேட்பார்கள். கோபம்தான்.

எங்கள் தெரு பார்வைக்குச் சமமாகத்தான் இருக்கும். மழை பெய்தால்தான் சரிவு தெரியும், தண்ணீர் முழுக்கக் கிழக்கே ஓடும். எங்களுக்குக் கிழக்கே நான்கு வீடு தள்ளி ஒரு நெசவுக்காரர். தன் தறிக்கும் மற்றவர் தறிகளுக்குமாக, விடியற்காலையில் தன் வாசலுக்கு நேரே தெருவிலேயே பாவு நீட்டுவார். மூன்று புடவைக்கான பட்டு நூலை இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்டிவிடுவார். தெருவில் பாவு இருக்கும்போது சைக்கிளில் வருகிறவர்கூட இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டுதான் போவார். இங்கே அது யாரும் சொல்லிக்கொடுக்காத மரியாதை.

போன கார்த்திகையில் ஒரு காலை. வீட்டுக்காரர் கரண்டிக் கட்டு எடுக்கப் பின்கட்டுக்குப் போயிருந்தார், நான் பிரேக்கில் காலோடு வாசலில் ஜீப்பில் இருந்தேன். அடுப்பில் பால் பொங்குகிற வாசனை வந்தது. ஒரு நிமிஷம்தானே என்று லீவரை முழுசாக இழுத்துவிட்டு உள்ளே ஓடினேன். திரும்பி வந்தபோது ஜீப் வாசலில் இல்லை. சத்தமே போடாமல் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. பாவுக்கு ஒரு முழம் இருக்கும்போது முன் சக்கரம் சாக்கடைக் கல்லில் ஏறி நின்றுவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

நெசவுக்காரர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. "வண்டி மேல எனக்குக் கோவம் இல்லக்கா. இந்தப் பாவுல எங்க வூட்டு மூணு மாசப் பொழப்பு இருக்குது. நான் பக்கத்துத் தெருவுல போட்டுக்கிறேன்" என்றார்.

மறுநாளிலிருந்து பாவைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார். தன் வாசல் இருக்க, இன்னொருவர் வாசலில் தினமும் கேட்டு நிற்பது என்றால் என்ன என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு வெட்கமாக இருந்தது. பால் வாங்கப் போனால் அவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் போனேன். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். "பொங்கலுக்குள்ள இது நிக்கணும். இல்லன்னா வித்துடணும்." அவர் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் மறுநாளே வண்டியை மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனார்.

செவிலிமேட்டில் ஒரு மெக்கானிக் பாய் இருக்கிறார். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "அந்த டிரம்மோட மல்லுக்கட்டாதீங்கம்மா. ஹேண்ட்பிரேக்கைப் பின் ஆக்ஸிலுக்கே கொண்டு போயிடலாம். சக்கரத்துக்குள்ள பிரேக் ஷூ இருக்குது இல்ல, அதையே கேபிள் போட்டு இழுத்துக்கலாம்." காயலான் கடையில் தேடி, பிற்காலத்து ஜீப் ஒன்றின் பிரேக் பிளேட் இரண்டைக் கொண்டுவந்தார். ஷூவை விரிக்கிற சின்ன லீவர் அதிலேயே இருந்தது. இரண்டு பின் சக்கரங்களையும் கழற்றி, ஆக்ஸிலில் அந்தப் பிளேட்டுகளை மாட்ட இரண்டு நாள் ஆயிற்று. கேபிள் மட்டும்தான் பாக்கி.

அங்கேதான் என் வீட்டுக்காரர் புகுந்தார். அவர் தறியை விட்டு இருபது வருஷம் ஆகிறது, நெசவுக்காரக் கண் மட்டும் போகவில்லை. "ஹேண்ட்பிரேக் லீவர் வலது பக்கம் இருக்குதுண்ணே, இடது சக்கரத்துக்குப் போற கேபிள் நீளமாத்தான் வரும்" என்று பாய் சொன்னார். இவர் கேட்கிற ஜென்மமா? "ஒரு இழை நீளம் ஒரு இழை குட்டைன்னா பாவு எப்படி நிக்கும் பாய்? ரெண்டும் ஒரே அளவு." தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். பாய் ஜும்மா தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, இரண்டு கேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து, மயிரிழை பிசகாமல் வெட்டி, ஒரே இரும்புப் பட்டையில் இறுக்கி முடித்தும்விட்டார். பாய் வந்து பார்த்து, "ஓட்டிப் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

பாலாற்றுப் பாலம் ஏறுகிற சரிவில் ட்ரெயிலர் நிறைய அண்டாவோடு நிறுத்தினோம். நான் சீட்டில் இருந்தேன். லீவரை இழுத்துவிட்டுக் காலை எடுத்தேன். இடது சக்கரம் பிடித்தது. வலது சக்கரத்தின் கேபிள் தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி வாலை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு பின்னால் நகர, நான் மறுபடி பிரேக்கை மிதித்தேன். நடு ரோட்டில் அவரை நான் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. ஒரு பஸ் டிரைவர் வண்டியை மெதுவாக்கி முழுவதையும் கேட்டுவிட்டுப் போனார்.

திரும்பிப் போனோம். பாய் சிரிக்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. இடது பக்கத்துக்கு நீளமான கேபிள் போட்டார். லீவரிலிருந்து வருகிற கம்பியின் நுனியில், தராசுக்கோல் மாதிரி இரு பக்கமும் சாய்கிற ஒரு பட்டையை வைத்து, அதன் முனைகளில் கேபிள்களை மாட்டினார். எந்தப் பக்கம் தளர்ந்தாலும் பட்டை சாய்ந்து இழுவையைப் பங்கிட்டுவிடும். வீட்டுக்காரர் வண்டிக்கு அடியில் போய், பாவைத் தடவிப் பார்க்கிறது போல இரண்டு கேபிளையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே இறுக்கம் பாய்" என்றார். அவர் வாயிலிருந்து மன்னிப்பு அந்த அளவுக்குத்தான் வரும்.

மறுபடியும் அதே சரிவு, அதே அண்டாக்கள். லீவரை இழுத்தேன். காலை எடுத்தேன். வண்டி அசையவில்லை. கதவில்லாத அந்த ஜீப்பிலிருந்து இறங்கிக் கீழே நின்றேன். அப்போதும் அசையவில்லை. அப்பாடா என்று சத்தமாகவே சொன்னேன். அங்கே இளநீர் விற்றுக்கொண்டிருந்தவரிடம் போய், நின்றுகொண்டே ஒரு இளநீர் குடித்தேன். அழுகை வந்தது, வெட்கப்படாமல் கொஞ்சம் அழுதேன்.

அன்றே நெசவுக்காரர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "சரிக்கா" என்றார், அவ்வளவுதான். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் பாவு பக்கத்துத் தெருவுக்கே போயிற்று. நான் யார்மேல் குறை சொல்வது?

மூன்றாம் நாள் காலை பால் வாங்கக் கதவைத் திறந்தேன். எங்கள் வாசலில் நின்ற ஜீப்பின் முன் கொக்கியில் ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றிலிருந்து பாவு ஆரம்பித்து, நான்கு வீட்டு வாசல்களைத் தாண்டி அவர் வாசல்வரை விறைப்பாக நின்றது. மேல் முனைக்கு அவர் எப்போதும் தரையில் இரும்பு முளை அடிப்பார், அன்று அடிக்கவில்லை. வண்டி ஒரு சாண் நகர்ந்தாலும் அத்தனை பட்டும் தளர்ந்து மண்ணில் விழும். அது எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"அக்கா, ஒம்பது மணி வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க. பாவு காஞ்சிக்கினு இருக்குது" என்றார், கஞ்சி தடவுகிற கையை நிறுத்தாமல்.

எட்டு மணிக்கு நாங்கள் திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் கொண்டுபோக வேண்டும். சாவியோடு வெளியே வந்த வீட்டுக்காரர் கயிற்றைப் பார்த்தார், பாவைப் பார்த்தார், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். கல்யாண வீட்டுக்கு நான்தான் போன் செய்தேன். "பாத்திரம் ஒரு மணி நேரம் லேட்டாகும்மா, வண்டியில பாவு கட்டியிருக்குது" என்றேன்.

"அப்போ சரிம்மா, அவுத்த பெறகே வாங்க" என்றார்கள்.