கோழி போன இருபதாம் நாள்

சரியாக மாலை நாலு நாற்பதுக்கு எல்லாம் கெட்டது. எனக்கு அப்போது எட்டு வயது. மணி பார்க்கப் புதிதாகக் கற்றிருந்ததால், எந்த அவசரத்துக்கு ஓடினாலும் முதலில் ஏலக்காய் ஸ்டோரின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஓடுவேன். அன்றும் அப்படித்தான் பார்த்துவிட்டு ஓடினேன்.

போடிமெட்டுக்கு மேலே, அந்த மலை யாருக்குச் சேரும் என்று பெரியவர்கள் தமிழிலும் மலையாளத்திலும் வாதாடிக்கொண்டிருந்த வருஷம் அது. அப்பா ஒரு ஏலத்தோட்டத்தின் ஸ்டோரைக் கவனித்துக்கொண்டார். பறித்த பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, வெளியே அடுப்பெரித்து, உள்ளே ஓடும் தகரக் குழாய்களின் சூட்டில் உலர்த்தும் கட்டடத்துக்குத்தான் ஸ்டோர் என்று பெயர். அதை ஒட்டிய ஒற்றை அறையில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம்.

கோழி எங்களுடையதல்ல. சிலமலையில் இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, அடைக்கு உட்கார்ந்துவிட்ட தன் கறுப்புக் கோழியையும் பதினொரு முட்டைகளையும் ஜீப்பில் கொடுத்துவிட்டிருந்தாள். “மதினிக்குப் பொழுது போகட்டும்” என்று சொல்லியனுப்பினாளாம். மலைக் குளிரில் முட்டை பொரிக்காது என்று காய் பறிக்க வந்த பெண்கள் சொன்னார்கள். அம்மா கேட்டுக்கொண்டே வேலையில் இறங்கினாள். வீட்டுக்குப் பின்னால் இருந்த சாய்ப்பில், ஒரு கூடையில் உமியைப் பரப்பி முட்டைகளை வைத்தாள். கூடவே ஒரு கரித்துண்டு, இரண்டு மிளகாய் வற்றல், ஓர் உடைந்த அரிவாள் துண்டு. இரும்பு இருந்தால் இடிச் சத்தம் முட்டையைக் கெடுக்காது என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்பினார்கள். கோழியை உட்காரவைத்து, மேலே பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூடினாள். தினமும் சுவரில் நான் ஒரு கரிக்கோடு போட்டேன்.

இருபதாவது கோடு போட்ட அன்று வானம் கறுத்து முதல் இடி விழுந்தபோது, அரிவாள் துண்டு கூடையில் இல்லை. முந்தின நாள் கோழி இரை எடுக்க வெளியே வந்திருந்த நேரத்தில், மண்ணில் குழி தோண்ட நான்தான் அதை எடுத்துப் போயிருந்தேன். பதினொரு உயிரும் என்னால் போகப் போகிறது என்று அந்த இரும்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். பஞ்சாரத்தைத் தூக்கினேன். அடுத்த இடி அந்த நொடியில் விழுந்தது. கோழி என் முகத்தில் சிறகடித்துப் பறந்து ஏலச்செடிகளுக்குள் போய்விட்டது. நான் முதலில் செய்த காரியம், இரும்பைப் பத்திரமாக முட்டைகளுக்கு நடுவே வைத்தது. அதற்குப் பிறகுதான் கோழியைத் தேடினேன். செடிகளுக்குள்ளிருந்து ஒரே ஒரு கதறல் கேட்டது. கீரி ஒன்று அந்தப் பக்கம் திரிவது எல்லோருக்கும் தெரியும்.

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். “கோழி தானா ஓடிருச்சு” என்றேன். அம்மா மழைக்குள் போய்த் தேடிவிட்டு, கையில் கொஞ்சம் கறுப்பு இறகுகளோடு திரும்பினாள். என்னைத் திட்டவில்லை. கூடைக்குள் கைவிட்டுப் பார்த்தாள். பிறகு முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சேலை மடிக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் அணைத்தபடி ஸ்டோரை நோக்கி நடந்தாள். முட்டையைக் கொண்டுபோகிறவள் போலவே அவள் நடக்கவில்லை. எதைக் கொண்டுபோகிறவள் போல நடந்தாள் என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல மாதங்களாக அம்மாவும் அப்பாவும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. “கஞ்சி ஆறுதுன்னு அப்பாட்ட சொல்லு” என்பாள் அம்மா. மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் நான் சொல்வேன். “சோலி முடியட்டும்னு சொல்லு” என்பார் அவர். அதையும் திருப்பிச் சொல்வேன். பிள்ளைகள் இதற்காகத்தான் பிறக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். என் வேலையில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஸ்டோருக்குள் வேறு வாசனை எதுவும் வரக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். ஏலக்காய் பக்கத்தில் இருப்பதன் வாடையை இழுத்துக்கொள்ளும். கருவாடு சாப்பிட்ட கையோடு யாரும் கதவைத் தொட முடியாது. அந்தக் கதவின் முன்னால் அம்மா மடியோடு நின்றாள்.

“கோழி போயிருச்சு, முட்டைக்குச் சூடு வேணும்னு சொல்லு” என்றாள்.

சொன்னேன்.

“ஸ்டோருக்குள்ள முட்ட வைக்க முடியாதுன்னு சொல்லு. உள்ள சூட்டுல வெந்துரும்.”

சொன்னேன். அம்மா நகரவில்லை. அப்பா அவள் மடியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அடுப்பை ஒட்டிய வெளிச்சுவரில் கன்னத்தை வைத்தார். அவருக்குச் சூடு பார்க்கும் கருவி அதுதான். காய் பச்சை மாறாமல் உலர எவ்வளவு அனல் வேண்டும் என்று அவர் கன்னம் சொல்லும். ஆனால் கோழியின் கணக்கு அந்தக் கன்னத்துக்குத் தெரியாது.

“கோழிக்கு அடியில எம்புட்டுச் சூடு இருக்கும்னு கேளு” என்றார்.

என்னால் கேட்க முடியவில்லை. அழுகையை அடக்கி அடக்கி விக்கல் வந்திருந்தது. வாயைத் திறந்தால் உண்மையும் சேர்ந்து வெளியே வந்துவிடும் என்று பயம்.

“சொல்லத் தெரியல” என்றாள் அம்மா, நேராக அவரைப் பார்த்து. “கை வச்சாத் தெரியும்.”

அப்பா அவளுடைய கையைப் பிடித்துச் சுவரில் வைத்தார்.

“இங்கயா?”

“சுடுது.”

“இங்க?”

“பத்தாது.”

இருவர் கைகளும் ஒன்றாக அந்தச் சுவரில் ஊர்ந்ததை இன்றைக்கும் பார்க்கிறேன். அடுப்புவாயிலிருந்து இரண்டு முழம் தள்ளி, என் தோள் உயரத்தில், விளக்கு வைக்கும் மாடத்தில் அம்மாவின் கை நின்றது. “இதுதான்” என்றாள். கண்களை மூடிக்கொண்டாள். நானும் கைவைத்துப் பார்த்தேன். செங்கல்லுக்குள் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

உமியோடு முட்டைகளை மாடத்தில் அடுக்கி, மேலே கம்பளித் துண்டைப் போர்த்தினார்கள். சுவர்ச் சூடு காய்ந்த சூடு, ஓட்டுக்குள்ளே தோல் குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும் என்று அம்மா ஒரு ஈரத்துணியைப் பக்கத்தில் தொங்கவிட்டாள். அப்பா விறகைச் சின்னச் சின்னதாகப் பிளந்து ஒரே சீராக எரித்தார். லோடு இறக்கிவிட்டுக் கீழே போகும் ஜீப்பை நிறுத்தி, சிலமலையில் தங்கச்சியிடம் வேறொரு அடைக்கோழி கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

டிரைவர் மாடத்தை எட்டிப் பார்த்தார். “என்னண்ணே, இப்ப நீங்களே அடைக்கு உக்காந்துட்டீகளா?”

“வெரசாப் போடா” என்றார் அப்பா. அம்மா சிரித்தாள். அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதையே நான் மறந்திருந்தேன்.

விடிந்து நான் எழுந்தபோது இருவரும் அதே இடத்தில் இருந்தார்கள். அம்மா ஒரு முட்டையை என் காதில் வைத்தாள். உள்ளே யாரோ நகத்தால் கதவைத் தட்டுவது போல ஒரு சத்தம். பிறகு, நம்பவே முடியாத தூரத்திலிருந்து வருவது போல, ஒரு “கீ”. பிறக்காத ஒன்று பேசியதைக் கேட்டேன். எனக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்களின் முதல் அழுகையைக் கேட்டபோதுகூட அந்த ஓட்டுக்குள்ளிருந்து வந்த குரல்தான் முதலில் ஞாபகம் வந்தது.

ஒரு ஓட்டில் நட்சத்திரம் போல விரிசல் விட்டது. அதிலிருந்து ஒரு மூக்கு நுனி. அப்பா பொறுக்க முடியாமல் நகத்தை நீட்டினார்.

“தொடாதீக! உள்ள ரத்தம் வத்தாம உரிச்சா செத்துரும்.”

“மூச்சு முட்டுமேடி.”

“முட்டாது. நீங்க அடுப்பப் பாருங்க.”

அவர்கள் சண்டை போட்டார்கள், என் உதவி இல்லாமலே. எனக்கு வேலை போய்விட்டது போல இருந்தது. ஆனால் அதை நினைக்க நேரமில்லை. ஈரமாக, அசிங்கமாக, கழுத்து நிற்காமல் ஒன்று வெளியே விழுந்தது. அரைமணி நேரத்தில் அதுவே மஞ்சள் பஞ்சாக எழுந்து நின்றது. அடுத்து ஒன்று. பிறகு ஒன்று. உச்சிப்பொழுதுக்குள் சுளகில் பத்துக் குஞ்சுகள்.

பதினோராவது முட்டைக்குள் கேட்டுக்கொண்டிருந்த தட்டல் நின்றுவிட்டது. அம்மா அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தாள். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். ஸ்டோருக்குப் பின்னால் ஒரு பலா மரம், அதனடியில் ஒரு சின்னக் கல். அந்தப் பக்கம் விளையாட எனக்கு அனுமதி கிடையாது. கல்லுக்குப் பக்கத்தில் குழி தோண்டி முட்டையை வைத்து மூடினார்கள். மூடிய பிறகும் திரும்பவில்லை. பொரிக்காத ஒரு முட்டைக்கு இவ்வளவு நேரம் நிற்பார்களா என்று நான் தூரத்தில் நின்று அலுத்துக்கொண்டேன்.

அதற்கு முந்தின ஆடியில் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்கள். பிரசவத்துக்கு முன்னதாகவே போடிக்கு இறங்கிவிட வேண்டும் என்று அம்மா கேட்டாள் என்பதும், காய்ப் பறிப்பு முடியட்டும் என்று அப்பா தள்ளிப்போட்டார் என்பதும், மழையில் மலைப்பாதை சரிந்து ஜீப்பு ஓடாத நாளில் குறைமாதத்தில் பிறந்த தம்பி ஒரு பொழுதுகூடத் தங்கவில்லை என்பதும் எனக்குக் கல்யாணமான பிறகு அத்தை சொல்லித்தான் தெரியும். போன மாதம் ஒருநாள், “உங்கப்பாட்ட சொல்லு” என்று என் மகனிடம் நானே சொல்வது என் காதில் விழுந்தது. என் வீட்டுக்காரர் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார். பாதியில் நிறுத்திவிட்டு, அவர் பக்கம் திரும்பி நானே சொன்னேன். பஞ்சாரம் தூக்கிய நாளிலிருந்து இரவில் கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்கும் பழக்கத்துக்காக என்னைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைகள், அன்று சிரிக்கவில்லை.

குஞ்சு பொரித்த அன்று மத்தியானம் அத்தை வந்து சேர்ந்தாள். கக்கத்தில் ஒரு செவலைக் கோழி. ஜீப்பிலிருந்து இறங்கியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே குஞ்சுகளுக்கு நொய்யா கேப்பையா என்று அம்மாவும் அப்பாவும் உரக்க வாதாடிக்கொண்டிருந்தார்கள். அத்தை குஞ்சுகளைப் பார்க்கவில்லை. அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண்களிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

தன் கறுப்புக் கோழிக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. ஓடிப்போய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, பஞ்சாரத்தைத் தூக்கியது நான்தான், பொய் சொன்னேன், கோழி தானாக ஓடவில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். முதுகில் விழப்போகும் அடிக்காகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அத்தை செவலைக் கோழியைக் கீழே விட்டாள். என் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்தி, எதற்கென்றே புரியாத எனக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். பிறகு சொன்னாள்:

“கோழி போனாப் போகுது ஆத்தா. நீ நல்லாத்தான் தெறந்துவிட்டிருக்க.”