பீடத்துணியில் விழுந்த பொத்தல்

சாந்தோமுக்குத் தெற்கே ஒரு சின்ன மாதா கோயில். அதன் பூசை உடுப்புகளையும் பீடத்துணிகளையும் வெளுத்து இஸ்திரி போட்டவள் வெரோணிக்கம்மாள். "என் கைபட்ட துணியிலே ஈ குந்தினாலும் வழுக்கிக்கினு பூடும்" என்பாள். பொய்யில்லை. இருபது வருஷத்தில் ஒரு மடிப்புக்கூடக் கோணினதில்லை.

1931-ல், ஈஸ்டருக்கு முன் நாற்பது நாள் நோன்பிருக்கும் தபசு காலத்துக்கு முந்தின சனிக்கிழமை. உடுப்பறை மேசையில் சரிகைப் பீடத்துணியை விரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கரி இஸ்திரிப்பெட்டியின் மூடிக் கொக்கி சரியாக விழவில்லை. ஒரு கங்கு தெறித்தது. தட்டிவிடுவதற்குள் புளியங்கொட்டை அகலத்துக்குப் பொத்தல். துணியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மணி அடிப்பதும் தூபக்கலசத்துக்கு நெருப்புப் போடுவதும் பொன்னுரங்கத்தின் வேலை. கலசத்தை அவன் அந்த மேசைமேல்தான் வைப்பான். மறுநாள் சாமியார் பொத்தலைக் கண்டு, "யார் வேலை இது?" என்று கேட்டதும் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். வெரோணிக்கம்மாளும் பார்த்தாள். அன்றே அவனுக்கு வேலை போயிற்று.

ஈஸ்டருக்கு முன் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல், பூசையில் நன்மை என்கிற அப்பத்தை வாங்க முடியாது. பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற மரக்கூண்டருகே முழங்காலிட்டு, அழி போட்ட பலகைக்கு அந்தப் பக்கம் இருந்த சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "அவன் பேரைக் கெடுத்தாய். அதை அவனுக்குத் திருப்பிக் கொடு" என்றார் சாமியார். அவளுக்கு மனசு லேசாயிற்று. வேலையை விட்டு நீக்கினவரிடமே சொல்லியாயிற்று, இனி அவரே அவனைக் கூப்பிட்டுக்கொள்வார் என்று இருந்துவிட்டாள்.

ஈஸ்டர் போயிற்று. இன்னும் இரண்டு ஞாயிறும் போயின. கூப்பிடவில்லை.

ஒருநாள் லஸ் முனையில் பொன்னுரங்கம் விறகு வண்டி தள்ளிக்கொண்டு வந்தான்.

"இன்னா யக்கா, இப்போ மணி அடிக்கிறது யாரு? நேரங்கெட்ட நேரத்துல அடிக்கிறான். எம் பொண்டாட்டி அந்த மணியைக் கேட்டு உலை வச்சு, சோறு மத்தியானமே ஆறிப் பூடுது" என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "கலசத்தைத் துணிமேல வச்சதா நெனப்பே இல்ல யக்கா. ஆனா ரோசிச்சு ரோசிச்சுப் பாத்தா, நான்தான் வச்சிருப்பேன் போல கீது."

செய்யாததைச் செய்ததாக அவனே நம்பத் தொடங்கிவிட்டான். வெரோணிக்கம்மாள் நேரே கோயிலுக்குப் போய் மறுபடி தொட்டியருகே முழங்காலிட்டாள்.

"சாமி, அப்பவே சொன்னேனே. அவனை ஏன் கூப்பிடலே?"

"இங்கே நீ சொன்னது சர்வேசுரனிடம் சொன்னது, அம்மா. இதை வைத்துக்கொண்டு வெளியே நான் ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது. பாவத்தை இங்கே சொன்னாய். அவன் பேரை வெளியேதான் கொடுக்க வேண்டும்."

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து சாமியார் வாசலுக்கு வந்தபோது, வெரோணிக்கம்மாள் படியில் நின்றாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"பீடத்துணி பொத்தல் என் இஸ்திரிப்பெட்டியாலே வந்தது. பொன்னுரங்கம் ஒண்ணுமே பண்ணலே."

பட்டினப்பாக்கத்து மீன்காரி முத்தம்மா விடவில்லை. "இத்தினி நாளா இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

"பயந்துகினு இருந்தேன்."

சாமியார் இதற்காகவே காத்திருந்தவர் போலக் குடையை எடுத்தார். காப்பிகூடக் குடிக்காமல், வெயிலில், அடையாற்றங்கரைக் குடிசைவரை நடந்தார். அவர் பின்னாலேயே அவளும் நடந்தாள். பொன்னுரங்கத்தின் வாசலில் சாமியாரே முதலில் மன்னிப்புக் கேட்டார், பிறகு அவள் கேட்டாள்.

அன்று சாயங்காலம் மணி சரியான நேரத்துக்கு அடித்தது.

வெரோணிக்கம்மாள் அந்தப் பொத்தலுக்குத் தானே ஒட்டுப் போட்டுத் தைத்தாள். அதற்குப் பிறகும் பல வருஷம் கோயில் துணி அவள் கையில்தான். மடிப்பைப் பற்றி முன்போல அவள் பெருமை பேசி யாரும் கேட்டதில்லை. ஒட்டைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் நிமிர்ந்து நின்று, "அது நான் போட்டது. படியில நின்னு ஒத்துக்கினதும் நான்தான்" என்பாள்.

பொன்னுரங்கமோ சனிக்கிழமைதோறும் அவள் பெட்டிக்குக் கங்கு அள்ளிக்கொண்டு வருவான்.

"கொக்கியைப் பாத்துப் போடு யக்கா. இன்னொரு வாட்டி விறகு வண்டி தள்ள என்னால ஆவாது."