லான்சருக்கு எந்தக் கிட்?

அட்டனில் டிக்கோயாப் பக்கம் போகும் வீதியில் மெரினாவின் கடை இருக்கிறது. வாகனங்களுக்கு வயர் வேலை பார்க்கும் கடை. வட்டவளையில் தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றில் பிறந்து, அட்டனில் தொழிற்பயிற்சிக்குப் போய், இருபத்தாறு ஆண்கள் இருந்த வகுப்பில் ஒரே பெண்ணாகப் படித்து வந்தவள். இப்போது முப்பத்தைந்து வயது. ஓட்டோ, வான், தோட்டத்து லொறி என்று எது நின்றாலும் மீட்டரை எடுத்துக்கொண்டு குனிந்தால் காரணத்தோடுதான் நிமிர்வாள். “தெரியல” என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. சென்ற வைகாசி வரைக்கும்.

அந்த வருசத் தை மாதம் ஒரு மத்தியானம் தனுஷன் கடை வாசலில் தன் காரை நிறுத்தினான். நுவரெலியாவில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பையன், இருபத்தெட்டு வயது. கார் ஒரு பழைய லான்சர். டர்போ பூட்டியது, நாலு சில்லும் இழுப்பது. ஏப்ரல் சீசனில் நடக்கும் மலையேற்றப் பந்தயத்தில் போன வருசம் ஓடி, தன் பிரிவில் நாலாவதாக வந்திருந்தான்.

“அக்கா, இந்த வருசம் ஸ்பிரிட்ல ஓடப்போறேன்” என்றான்.

மெரினா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “காரா, நீயா?”

அவன் சிரித்துவிட்டு விளக்கினான். எத்தனோல் என்ற ஸ்பிரிட்டை நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு பெற்றோலோடு கலந்து ஊற்றினால் டர்போ எஞ்சின் சூடாகித் தட்டாமல் கூடுதல் பலம் கொடுக்கும். ஆனால் அந்தக் கலவை பெற்றோலைவிடக் கூடுதல் அளவில் எஞ்சினுக்குள் போக வேண்டும். பெற்றோலுக்கென்று செய்த காருக்கு அது தெரியாது. தெரிய வைக்கப் பூட்டும் சாமான்தான் கிட். கொழும்பில் ரேஸ் ஓடும் ஆட்கள் முறைப்படி அனுமதி வாங்கி ஸ்பிரிட் எடுக்கிறார்கள், அவர்களோடு சேர்ந்து தானும் எடுப்பதாகச் சொல்லிக் கடிதத்தையும் காட்டினான்.

“எந்தக் கிட்டுன்னு மட்டும் நீங்க சொல்லுங்கக்கா. பூட்டுறதும் நீங்கதான்.”

“ரெண்டு நாள் குடு” என்றாள் மெரினா.

அந்த இரண்டு நாள் இரண்டு மாதமானது.

அவள் தேடிப் பார்த்ததில் கிட்டுகள் மூன்று வகையாக இருந்தன. முதலாவது, உள்ளங்கையளவு நீலப் பெட்டி. எரிபொருளை எஞ்சினுக்குள் பீச்சுகிற இன்ஜெக்டர்களுக்கும் அவற்றின் வயர்களுக்கும் நடுவே செருகி, ஒரு சுவிட்சைத் தட்டினால் முடிந்தது. இரண்டாவதும் பெட்டிதான், ஆனால் எரிபொருள் குழாயில் ஒரு சென்சரும் உண்டு. ஸ்பிரிட் எத்தனை பங்கு என்று அதுவே பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்கும். குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கென்று தனியாக ஒரு வயரும் அதில் இருந்தது. மூன்றாவதில் பெட்டியே இல்லை. சென்சர் மட்டும். அது சொல்வதை வைத்துக் காரின் கொம்பியூட்டருக்குள் இருக்கும் கணக்கையே ஒருவர் லெப்டொப்பில் மாற்றி எழுத வேண்டும்.

விற்பவர்களிடம் வட்ஸ்அப்பில் கேட்டாள். நீலப் பெட்டிக்காரர், சென்சர் எல்லாம் பழுதாகும், சுவிட்ச்தான் நம்பிக்கை என்றார். இரண்டாவது பெட்டிக்காரர், சென்சர் இல்லாமல் போட்டால் எஞ்சின் வெந்துவிடும் என்றார். மூன்றாவதை விற்ற கொழும்புக்காரர், பெட்டி எதுவுமே ரேஸ் காருக்குச் சரிவராது என்றார். மூவரும் ஆளுக்கு ஒரு வரைபடம் அனுப்பினார்கள். மூன்றிலும் மற்ற இரண்டு கிட்டும் கெட்டவையாக இருந்தன.

மெரினாவின் கணவன் சுகந்தன் தோட்டப் பாடசாலையில் இரசாயனவியல் படிப்பிக்கிறவன். சோற்றைப் பிசைந்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டான்.

“இன்னும் முடிவாகலயா?”

“காலையில ஒன்னு நல்லதுன்னு தோணுது. மத்தியானம் அதுவே ஆபத்துன்னு தோணுதுங்க. வயர் எங்க போவுதுன்னு தெரியுது. அது ஏன் போவுதுன்னு தெரியல.”

சுகந்தன் தண்ணீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினான். “ஊத்தப் போற எண்ணெயில ஸ்பிரிட் எவ்வளவுன்னு யாராச்சும் பாத்தாங்களா?”

“எண்பத்தஞ்சுன்னு எழுதி வருதே.”

“எழுதி வருதுதான். பாத்தாங்களா?”

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்தபின், தனுஷன் தனக்கு வந்திருந்த ஸ்பிரிட் கலவைக் கேன்கள் மூன்றிலிருந்தும் போத்தலில் கொஞ்சம் கொஞ்சம் கொண்டுவந்தான். சுகந்தன் பாடசாலையிலிருந்து கண்ணாடி அளவு உருளையை எடுத்து வந்திருந்தான். வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லில் அதை வைத்து, தண்ணீர் ஊற்றி, கேசரிக்குப் போடும் சிவப்பு நிறத்தில் ஒரு துளி விட்டான். அதன்மேல் முதல் கேன் எண்ணெயை ஊற்றி, மூடிக் குலுக்கி, நிற்கவிட்டான்.

“ஸ்பிரிட் தண்ணியோட சேந்துக்கும். பெற்றோல் சேராது, மேல நிக்கும். செவப்பு எவ்வளவு ஏறுதோ அவ்வளவும் ஸ்பிரிட்.”

சிவப்பு ஏறியது. முதல் கேன் நூற்றுக்கு எண்பத்துநாலு. இரண்டாவது அறுபத்திரண்டு. மூன்றாவது எழுபத்துநாலு.

மூவரும் கல்லைச் சுற்றி நின்றார்கள்.

“ஒரே ஆள்தான் அனுப்பினாரு” என்றான் தனுஷன்.

“ரெண்டாவது கேன்ல வேற எதையும் ஊத்தி வச்சிருந்தியா தம்பி?”

“தெரியலக்கா. கேனெல்லாம் எங்க கடையில கெடந்ததுதான்.”

அதோடு சுகந்தன் இன்னொன்றையும் சொன்னான். “ஒரு விசயம். மூடி சரியா இல்லாம இந்த மழைக் காத்துல ஈரத்தை இழுத்திருந்தா, அந்தத் தண்ணியும் செவப்புலதான் சேரும். ஸ்பிரிட்டா தண்ணியான்னு இதுல பிரிச்சுச் சொல்ல முடியாது.”

“அப்ப எதுக்குங்க இத செஞ்சீங்க?” என்றாள் மெரினா.

“மூனு கேனும் ஒன்னு இல்லன்னு தெரிஞ்சுக்கத்தான்.”

அவளுக்கு அது போதவில்லை. ஆனாலும் ஒரு கிட் கழிந்தது. சுவிட்சைத் தட்டும் நீலப் பெட்டிக்கு எல்லாக் கேனும் எண்பத்தைந்துதான். அதைத் தள்ளிவிட்டாள்.

அந்தப் பரிசோதனையால் வேறொரு தொல்லையும் வந்தது. அடுத்த வீட்டு மரியநாயகிக்கு ஸ்பிரிட் வாசம் பட்டிருக்கிறது. மாஸ்டரும் சம்சாரமும் ஒரு பையனுமாக வீட்டுக்குப் பின்னால் நின்று எதையோ குலுக்கியதையும் பார்த்திருக்கிறார். புதன்கிழமைக்குள், மாஸ்டர் வீட்டில் கசிப்பு என்ற கள்ளச் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்ற பேச்சு பாடசாலை வரைக்கும் போய்விட்டது. அதிபர் சுகந்தனைக் கூப்பிட்டுக் கேட்டார். சுகந்தன் அதே உருளையை உயர்தர வகுப்புக்கு எடுத்துப்போய், அதிபரையும் முன்வரிசையில் உட்கார வைத்து, முழுவதையும் செய்து காட்டிய பிறகுதான் பேச்சு அடங்கியது. மரியநாயகி மட்டும் இன்னும் முழுதாக நம்பவில்லை.

மெரினா இரண்டாவது பெட்டியைத் தெரிவு செய்தாள். சென்சர் இருக்கிறது, குளிருக்கு வயர் இருக்கிறது, பிறகென்ன. தனுஷனுக்குச் சொன்னாள். அவன் அன்றைக்கே அதை அனுப்பச் சொல்லிவைத்தான். மறுநாள் காரைத் திறந்து, வயர் நீளம் எவ்வளவு வேண்டும் என்று அளக்கும்போது, ஒரு பழக்கதோசத்தில் இன்ஜெக்டர் ஒன்றில் மீட்டரை வைத்தாள். மின்தடை மூன்று ஓம் காட்டியது. அடுத்ததிலும் மூன்று. நாலிலும் மூன்று. பெட்டிக்காரர் அனுப்பிய காகிதத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில், பன்னிரண்டு ஓமுக்குக் குறைந்த இன்ஜெக்டர் உள்ள வாகனத்துக்குப் பூட்டக்கூடாது என்று இருந்தது. பூட்டியிருந்தால் பெட்டி எரிந்திருக்கும். எரிந்தது பெட்டியோடு நின்றிருக்குமா என்பது சந்தேகம்.

கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். இத்தனை வருசத்தில் மீட்டர் வைக்காமல் அவள் ஒரு பல்புக்குக்கூடப் பதில் சொன்னதில்லை. பிறகு தனுஷனுக்குப் போன் எடுத்தாள்.

“தம்பி, நான் பிழையா சொல்லிட்டேன். அத அனுப்ப வேணாம்னு சொல்லு.”

“ஏங்கக்கா, என்னாச்சு?”

“பாக்காம சொல்லிட்டேன். அவ்வளவுதான்.”

அவன் கோபிப்பான் என்று எதிர்பார்த்தாள். “அப்ப மூனாவதுதானே அக்கா மிச்சம்” என்றான் அவன், பஸ்ஸைத் தவறவிட்டவன் அடுத்த பஸ்ஸைப் பார்ப்பதுபோல.

இப்படித்தான் மூன்றாவது கிட் வந்தது. அது நல்லது என்று மெரினா முடிவு செய்யவில்லை. மற்ற இரண்டும் விழுந்துவிட்டன. எரிபொருள் குழாய்களை ஸ்பிரிட்டைத் தாங்கும் ரகமாக மாற்றினாள், பம்பை மாற்றினாள், சென்சரைப் பூட்டினாள், ஸ்பிரிட் எத்தனை பங்கு என்று காட்டும் சின்னத் திரையை ஸ்டியரிங் பக்கத்தில் வைத்தாள். மூன்று கேன்களையும் ஒரே பீப்பாயில் ஊற்றிக் கலக்கச் சொன்னாள். கொழும்புக்காரர் லெப்டொப்போடு வந்து, ஒரு பகல் முழுவதும் காரில் ஏறி இறங்கிக் கணக்கு எழுதினார். திரையில் எழுபத்தொன்று காட்டியது. கார் புதிதாகக் கத்தியது. பந்தயத்துக்கு முதல் நாள் வரைக்கும் அது மெரினாவின் கடையிலேயே நின்றது; அட்டனில் சாவியைத் திருப்பிய ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் ஆனது.

பந்தய நாள் காலை ஆறரைக்கு, நுவரெலியாவில், ஆகவில்லை.

புல்லெல்லாம் பனித்துளியில் வெள்ளையாக இருந்தது. கூட வந்திருந்த மெரினா பக்கத்தில் நிற்க, தனுஷன் சாவியைத் திருப்பினான். எஞ்சின் சுற்றியது, இருமியது, நின்றது. ஐந்தாவது தடவை பற்றரியின் சத்தம் தளர்ந்தது. ஸ்பிரிட் குளிரில் ஆவியாகாது என்பதை மெரினா படித்திருந்தாள். ஆனால் அட்டன் குளிரை வைத்து நுவரெலியாக் குளிரைக் கணக்குப் போட்டிருந்தாள். வேண்டாம் என்று தள்ளிய பெட்டியில் இருந்த குளிர் வயர் நினைவுக்கு வந்தது. அப்படியானால் அதுதான் நல்ல கிட்டா? இன்ஜெக்டரை மாற்றிவிட்டு அதைப் போட்டிருக்க வேண்டுமா?

“கொழும்புக்காரர் போன எடுக்குறாரு இல்லக்கா” என்றான் தனுஷன்.

பாதையோரம் ஜீவராணி என்ற பெண் தேத்தண்ணிக் கடை போட்டிருந்தாள். கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. மெரினா அங்கே ஓடினாள்.

“அக்கா, சுடுதண்ணி வேணும். ரெண்டு பழந்துணியும்.”

“யாருக்கும் சொகமில்லையா?”

“காருக்கு.”

ஜீவராணி கேத்தலோடு தன் தோள் துவாயையும் எடுத்துக் கொடுத்தாள். மெரினா துணியைச் சுடுநீரில் நனைத்துப் பிழிந்து, காற்றும் எண்ணெயும் சேர்ந்து எஞ்சினுக்குள் போகும் இடத்தில் சுற்றினாள். அதைச் சுற்றித்தான் அவள் போட்ட வயர்கள் எல்லாம் ஓடின. ஒரு சொட்டு வயர் பிளக்குக்குள் இறங்கினாலும் கதை முடியும். இடது கையால் வயர்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மூன்று தடவை துணியை மாற்றினாள். விரல்கள் சிவந்து வெந்தன.

“இப்ப ஸ்டார்ட் அடி தம்பி.”

எஞ்சின் இருமியது. மறுபடி இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. ஜீவராணி தூரத்திலிருந்தே கை தட்டினாள்.

அன்று தனுஷன் தன் பிரிவில் இரண்டாவதாக வந்தான். போன வருசத்தைவிட ஏறக்குறைய இரண்டு செக்கன் குறைவு. இறங்கி வந்து மெரினாவின் கையைப் பிடித்து, “கிட்டுதான் அக்கா! கிட்டுதான்!” என்று குதித்தான். கொழும்புக்காரர் அப்போதுதான் போனை எடுத்து, அது தன் கணக்கு எழுத்தால் வந்தது என்றார். அடுத்த காரின் மெக்கானிக் லான்சரின் டயரைக் காலால் தட்டி, “புது டயர், காஞ்ச ரோட்டு. போன வருசம் தூறல்தானே?” என்றார்.

மெரினா மூவர் சொன்னதையும் கேட்டாள். மூன்றும் சரியாகத்தான் பட்டது.

அடுத்த வாரம் தனுஷனிடம் ஒன்று கேட்டாள். பழைய டயரைப் போட்டு, வெறும் பெற்றோலை ஊற்றி, அதே மாதிரி ஏற்றத்தில் ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது.

“கப் கெடச்சிருச்சேக்கா. இனி எதுக்கு?”

“எனக்குத் தெரியணும்.”

“தெரிஞ்சா மட்டும் கப் பெருசாவுமா?”

அவன் ஓட்டவில்லை. அவளுக்கும் இன்றுவரை தெரியவில்லை.

ஆனால் லான்சரின் பேர் பரவிவிட்டது. வைகாசியில் பூண்டுலோயாவிலிருந்து விஜிதரன் என்பவர் ஒரு சிவிக் காரோடு வந்தார். அவருக்கும் அதே கிட் வேண்டுமாம். நான் என் ஓட்டோவின் ஹோர்னைத் திருத்தக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

“அதே கிட்டு ஒங்க காருக்குச் சரியான்னு தெரியலைங்க” என்றாள் மெரினா, இயல்பாக, தலையைக்கூட நிமிர்த்தாமல். “ஒன்னு செய்யுங்க. இந்த மாசம் ஒன்னும் மாத்தாம, ஒரே ஏத்தத்துல பத்துத் தடவ ஓட்டி, நேரத்த எழுதிக் கொண்டாங்க. என்ன டயரு, மழையா வெயிலான்னும் எழுதுங்க. அதுக்குப் பொறகு கிட்டப் பத்திப் பேசுவோம்.”

“பத்துத் தடவையா?” என்றார் விஜிதரன்.

“முடிஞ்சா பன்னெண்டு” என்று சொல்லிவிட்டு, அவள் என் ஹோர்ன் வயரை உரித்தாள்.