கவிதையில் மூழ்கிய ஃபெர்கல்

அயர்லாந்தில், ஷானன் ஆற்றங்கரையில் எங்கள் ஊர் நடப்போகும் கல்லில் செதுக்கும் கவிதையில், கைக்குழந்தையோடு ஆற்றில் குதித்துச் சாகும் பெண் சலவைக்கடை அட்ராக்டா மல்வேதான் என்று ஒரு பேச்சு. அட்ராக்டா உயிரோடு கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தது யாருக்கும் இடைஞ்சலாகப் படவில்லை. இங்கே ஒருவரைப் பற்றி ஊரில் யாரிடமும் கேட்கலாம். அவரிடம் மட்டும் கேட்டால் அநாகரிகம். நான் கேட்டேன்.

"நான்தான். ஆனா ஆத்துல குதிக்கல, கப்பல்ல ஏறினேன். என்னை மாதிரிப் பொண்ணுங்களை அடைச்சுவைக்கிற கன்னியர் மடத்துல கொண்டுபோய்த் தள்ள பாதிரியார் காரோட வாசல்ல நின்னார். நான் பின்பக்கமா லிவர்பூலுக்குப் போயிட்டேன்."

அப்போது பதினெட்டு வயது. கல்யாணமாகாமலே வயிற்றில் பிள்ளை. "வேண்டவே வேண்டாம்னுதான் இருந்தேன். பொறந்தப்புறம் தத்துக் கொடுக்க மனசு வரல." அங்கே ஆஸ்பத்திரித் துணி வெளுத்து வளர்த்தாள், பிறகு ஊர் திரும்பிக் கடை போட்டாள். மகன் ஃபெர்கல் இன்று லீட்ஸில் பஸ் ஓட்டுகிறான்.

மகனைச் சாகடிக்கும் வரியைக் கல்லில் வெட்டக் கூடாது, அவ்வளவுதான் அவள் கேட்டது. கவிதையை எழுதிய பழைய வாத்தியார் கோல்மன் கெராட்டி வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"வாத்தியாரே, பையன் திறப்புவிழாவுக்கு வர்றான். அவன் செத்ததை அவனே படிக்கணுமா?"

"குழந்தை பொழச்சா கவிதை செத்துடுமே, அட்ராக்டா! அதுவுமில்லாம, அது நீயில்லம்மா. அயர்லாந்தோட குறியீடு."

"அயர்லாந்துக்கு எதுக்கு நான் அப்போ போட்டிருந்த பச்சைக் கோட்டைக் கவிதையில மாட்டிவிட்டீங்க? அன்னிக்கு என்னைக் கண்டா தெருவோட எதிர்ப்பக்கம் போயிடுவீங்களே. செத்தாத்தான் பிடிக்குதோ?"

ஒரு காலத்தில் இப்படிப்பட்ட பெண்ணைப் பற்றி இந்நாட்டில் எவரும் வாய் திறக்கவில்லை. இப்போது கவிதை எழுதாத ஆளில்லை. துன்பப்பட்ட பெண்களே எழுதியது வேறு. அதைப் படித்துவிட்டு நம் வாத்தியார்கள் எழுதுவதில், கடைசி அடிக்குள் அவள் செத்தாக வேண்டும். உயிரோடிருந்தால் பதில் பேசுவாளே!

வரியோடுதான் கல்லைத் திறந்தார்கள். வாத்தியார் வாசித்தார், ஊர் அழுதது. ஆறடி ஃபெர்கல் எழுந்தான்.

"அந்தக் குழந்தை நான்தாங்க."

ஆற்றில் செத்தவர்களின் வீட்டாருக்குச் செய்வது ஒன்றுதான் எங்கள் ஜனங்களுக்குத் தெரியும். வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக ஃபெர்கலின் கையைப் பிடித்து, "ரொம்ப வருத்தமா இருக்குப்பா" என்றார்கள். அவனுடைய சாவுக்கு அவனிடமே துக்கம் விசாரிப்பு!

"நல்லா அழுத்திப் பிடிங்க," என்றாள் அட்ராக்டா. "சூடா இருக்கும்."

பிறகு மதுக்கடையில் எல்லோருக்கும் ஃபெர்கலே வாங்கினான். வரியைச் செதுக்கி எடுக்கச் சொல்வதாக வாத்தியார் தலையாட்டினார். அவன் வாங்கித் தந்த கோப்பை கையில் இருந்தது. கோப்பை தீர்ந்தது, வரி இன்னும் கல்லில் இருக்கிறது. ஒருவர் வாங்கித் தந்ததைக் குடித்தவர் அடுத்ததை அவருக்கு வாங்கித் தருவது இங்கே சட்டத்துக்கு மேல். வாத்தியார் கோட்டை மாட்டிக்கொண்டு நழுவிவிட்டார். செத்தவனுக்கு எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, ஃபெர்கலுக்கு அவர் தரவேண்டிய ஒரு கோப்பை பீர் அப்படியே நிற்கிறது.