ரயில் பாதையைக் கழற்றியவர்

நூலகத்து அம்மா வீட்டு வாசலில் வந்து நின்று, "நீங்க ரயில்வேயில இருந்தீங்களாமே சார்?" என்று கேட்டபோது வெல்டர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முப்பது வருஷமாக ஜன்னல் கம்பியும் இரும்புக் கதவும் பற்றவைத்துப் பிழைத்த மனிதரை யாரும் அதுவரை 'சார்' போட்டுக் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லிலேயே ஆள் கவிழ்ந்துவிட்டார்.

"ஏதோ கொஞ்ச காலம்" என்றார். அடக்கமான மனுஷர் என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டு போனார்.

ஊரை ஒட்டி ஒரு காலத்தில் பத்தொன்பது கிலோமீட்டருக்கு ஒற்றை ரயில் பாதை இருந்தது. அது மூடப்பட்டு முப்பத்தைந்து வருஷமாகிவிட்டது. பாதை எந்த வழியாகப் போனது என்பதே பலருக்கு மறந்துபோனதால், நூலகத்தில் பழைய ஆட்களைக் கூட்டிவைத்துப் பேசச் சொல்லி எழுதிக்கொள்ளப் போகிறார்கள். வெல்டரும் பேச வேண்டும்.

"நீங்க எப்போ ரயில்வேயில இருந்தீங்க?" என்று மனைவி கேட்டார்.

"இருந்தேனே. ஒன்றரை வருஷம்."

"தண்டவாளத்தை அறுத்தீங்க."

"அதுவும் ரயில்வே வேலைதானே?"

"வீட்டை இடிக்கிறவரைக் கொத்தனார்னு சொல்வீங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் துணி மடிக்கப் போய்விட்டார். இருந்தாலும் வெல்டர் கூட்டத்தன்று சட்டைக்கு இஸ்திரி போட மறக்கவில்லை.

நூலகத்தில் இருபது நாற்காலி போட்டிருந்தார்கள். முதலில் ரயில் கார்டாக இருந்த பெரியவர் பேசினார். மழையில் பாதை மூழ்கி, பயணிகளோடு ஆறு மணி நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்த கதையைச் சொன்னார். அடுத்து டிக்கெட் கொடுத்த அம்மா, தூங்கிப்போய் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி வந்த ஒரு கல்யாண மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கைதட்டல் ஏற ஏற வெல்டர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். மெதுவாகக் கம்பி நீட்டிவிடலாமா என்று வாசலைப் பார்த்தார். அங்கே தேநீர் மேசையைக் குறுக்கே போட்டிருந்தார்கள்.

"இவரும் நம்ம லைன்ல வேலை பார்த்தவர்" என்று நூலகத்து அம்மா அறிமுகப்படுத்தினார்.

வெல்டர் எழுந்தார். சின்னதாக ஒரு பொய்யைத் தயார் செய்துதான் வந்திருந்தார். வாயைத் திறந்தால் உண்மை வந்துவிட்டது.

"நான் வேலைக்குச் சேர்ந்ததே ரயில் நின்னதுக்கு அப்புறம்தாங்க."

"அப்படி என்ன வேலை?" என்றார் கார்டு.

"அறுக்கிற வேலை. தண்டவாளத்தை எல்லாம் கழட்டினது நான்தான்."

முப்பத்தைந்து வருஷமாகத் தேடிய திருடன் கையில் அகப்பட்டதுபோல் கார்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஓ, அது நீங்கதானா?"

"நான் ஒருத்தன் மட்டும் இல்ல சார். எட்டுப் பேர் இருந்தோம்" என்று வெல்டர் அவசரமாக ஏழு பேரைக் காட்டிக்கொடுத்தார்.

டிக்கெட் அம்மாதான் காப்பாற்றினார். "அப்படின்னா ரெண்டாவது பாலம் சரியா எங்க இருந்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா? இங்க ஆளுக்கு ஒரு இடம் சொல்றாங்க."

"பாலம் மட்டும் பதினோரு நாள் ஆச்சும்மா. இப்ப செங்கல் சூளை இருக்கே, அதுக்குப் பின்னாடி." அடுத்தடுத்துக் கேட்டார்கள், அடுத்தடுத்துச் சொன்னார். ரயில் ஐம்பது நிமிஷத்தில் ஓடிய தூரத்தை அவர் ஒரு நாளைக்கு ஐம்பது மீட்டர் வீதம் கடந்தவர். பாதை போன வழியில் அடையாளக் கல் நடப்போகிறோம், நீங்களே வழி காட்டுங்கள் என்றார் நூலகத்து அம்மா.

"கண்ணைக் கட்டிவிட்டாக்கூடப் போவேன்" என்றார் வெல்டர். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "நீங்க எல்லாம் பின்னாடி வந்தா போதும்" என்று வேறு சொன்னார்.

சனிக்கிழமை காலை பன்னிரண்டு பேர் அவர் பின்னால் நடந்தார்கள். கால் மணி நேரத்தில் எல்லாரும் ஒரு வீட்டுக் கொல்லையில் நின்றார்கள். துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

"யாரு நீங்க எல்லாம்?"

"இந்த வழியாத்தான் ரயில் போச்சும்மா."

"இப்ப போகுதா?"

"இல்ல."

"அப்ப நீங்களும் போங்க."

வெல்டர் அசடு வழியத் திரும்பினார். திரும்பியதும் நின்றுவிட்டார். எதிரே ஊர்த் தண்ணீர்த் தொட்டியும், அதன் பக்கத்தில் மில் புகைபோக்கியும் தெரிந்தன. இந்தக் காட்சி அவருக்கு அத்துப்படி. அப்போதுதான் உறைத்தது. கழற்றிய இரும்பை மிச்சமிருக்கும் தண்டவாளத்தின் மேலேயேதான் தள்ளுவண்டியில் கொண்டுவர வேண்டும். அதனால் அவர்கள் கடைசி ஸ்டேஷனில் ஆரம்பித்து ஊரைப் பார்த்து வந்தார்கள். பத்தொன்பது கிலோமீட்டரும் அவருக்கு ஒரு பக்கமாக மட்டும்தான் தெரியும்.

"எனக்குப் பாதை தலைகீழாத்தாங்க தெரியும்" என்று ஒப்புக்கொண்டார்.

கார்டு முதல் தடவையாகச் சிரித்தார். "எனக்கும் அப்படித்தான்யா. கடைசிப் பெட்டியில நின்னு, விட்டுட்டு வர்ற ஊரைப் பார்த்துக்கிட்டே போனவன் நான். வாங்க, பஸ் பிடிச்சு அந்தக் கோடிக்குப் போவோம்."

அந்தக் கோடியிலிருந்து நடந்ததும் வெல்டரின் கால் தானாகப் போனது. இது கேட், இது சிக்னல் கம்பம், இந்த வளைவில் ஒரு போல்ட் மூன்று நாள் உயிரை வாங்கியது. கார்டு விட்டதை இவர் சொன்னார், இவர் விட்டதை அவர் சொன்னார். முழுதும் நடந்து முடிக்க அவர்களுக்கு நான்கு சனிக்கிழமை பிடித்தது.

கடைசி வாரம் ஊர் எல்லையில் டிக்கெட் அம்மா அவர் பக்கத்தில் வந்தார். "கடைசித் துண்டை நீங்க அறுத்தப்போ நானும் பார்க்க வந்திருந்தேன்."

வெல்டருக்குக் காது சூடாகிவிட்டது. அந்தத் துண்டு விழுந்ததும் வேடிக்கை பார்த்தவர்களில் யாரோ கைதட்ட, அவரும் ஏதோ சாதித்தவர்போல் கையை ஆட்டியிருந்தார்.

"நீங்க தொப்பியைக் கழட்டிட்டு நின்னீங்க. அது மட்டும் எனக்கு மறக்கல" என்றார் அந்த அம்மா.

நல்ல பெயர் ஒன்று தானாக வந்து மடியில் விழுந்திருக்கிறது. வெல்டர் ஒரு நிமிஷம் அதை வைத்துக்கொள்ளத்தான் பார்த்தார். முடியவில்லை.

"அது மரியாதைக்கு இல்லம்மா. தலை வேர்த்துச்சு."

அந்த அம்மா அங்கேயே ஒரு திண்டில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

கல் நட்டு முடித்தார்கள். மொத்தம் ஏழு. ஆறாவது கல் முப்பது அடி தள்ளி நிற்கிறது. சரியான இடத்தில் ஒரு தையல் கடைக்காரர் படிக்கட்டு கட்டியிருக்கிறார். வெல்டர் போய் முறையிட்டதற்கு, "சிமென்ட் காஞ்சிடுச்சு சார், விடுங்க" என்றார் நூலகத்து அம்மா. வெல்டர் விடவில்லை. தையல் கடைக்குப் போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி, "ரயில் இந்தப் படிக்கட்டு மேலதான் போச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கடைக்காரர் இப்போது அவரைக் கண்டால் கதவைச் சாத்துகிறார்.