தீச்சட்டி எடுத்த சித்திரை

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தபோது தெருமுனையில் என் படம் போட்டு பிளக்ஸ் வைத்தார்கள். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. ஆனால் பதினொன்றாம் வகுப்பில் மனம் இருண்டுபோனது. சோறு இறங்கவில்லை, புத்தகத்தைத் திறந்தாலே அழுகை வந்தது. கம்பத்தில் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போய்வரும் அம்மாவிடம் சொன்னேன்.

"நெழல்ல உக்காந்து படிக்கிறவளுக்கு என்னடி கவலை? அந்த பிளக்ஸ பாத்து எவளோ கண்ணு வச்சிட்டா" என்றாள். வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழாவில் நான் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டாள்.

சித்திரை வெயிலில், கையில் நெருப்போடு, மேளத்துக்கு நடுவே நடந்தேன். கோயில் வாசலில் சட்டியை இறக்கியதும் உடம்பு நடுங்கியது. இத்தனை மாதம் அடக்கியதெல்லாம் வெடித்து, "என்னால தாங்க முடியல!" என்று கதறினேன்.

"ஆத்தா எறங்கிட்டா! மஞ்சத்தண்ணி ஊத்துங்கடி!" என்று ஒருத்தி கத்தினாள்.

அம்மா என் காலில் விழுந்தாள். "என்ன கொற வச்சோம் தாயி? சொல்லு, செஞ்சுபுடுறோம்."

"எம் மகளுக்கு எப்ப மாப்பிள்ள அமையும்னு கேளுக்கா" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

என்ன குறை என்று வீட்டில் அம்மா ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. குனிந்து அவள் தோளைப் பிடித்தேன். "அம்மா, நான் உம் மகதேன். எனக்குத்தேன் முடியல."

அவள் கண்ணைத் திறக்கவேயில்லை. "எம் மகளக் காப்பாத்து தாயி" என்று என்னைக் கும்பிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில், எல்லாம் சரியாகிவிட்ட நிம்மதியில் என் மேல் சாய்ந்து தூங்கினாள். இனி யாரிடம் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.