பரண்களிலிருந்து வந்த பதில்

யானை லத்தியைக் கையால் தொட்டுப் பார்த்தேன். சூடு ஆறவில்லை. சுற்றிலும் மூடுபனி. நீட்டிய கையின் விரல்கள் எனக்கே தெரியவில்லை. இடது கணுக்கால் பிசகியிருந்தது. உடம்பு குளிர்ஜுரத்தில் உதறிக்கொண்டிருந்தது. அந்த மலையில் என்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே மனிதரை வேலையிலிருந்து நீக்கும்படி முந்தின நாள்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அன்பர்களே, நம் வெள்ளிக்கிழமை பஜனையில் ஆளுக்கொரு அனுபவம் சொல்லும்போதெல்லாம் நான் வாய் திறந்ததில்லை. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சாட்சி என்றால் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், தேதி வேண்டும் என்று பழகியவன். என் அனுபவத்துக்குச் சாட்சியாக இருப்பவர்கள் மலைமேல் இருக்கிறார்கள். ஆகவே என் ஒற்றைக் கையெழுத்தையே ஏற்றுக்கொள்ளுங்கள்.

பெருவெள்ளம் வந்ததற்கு மறுவருஷம், ஐப்பசி மாதம். மலைப் பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்று ஆராய்ந்து அறிக்கை தரும்படி எனக்கு உத்தரவாகியிருந்தது. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து எங்கள் தோட்டத்து வீட்டிலிருந்து புறப்பட்டபோது என் மனைவி பழனியாண்டவர் விபூதிப் பொட்டலம் ஒன்றைப் பையில் வைத்தாள். "இது எதுக்கு?" என்றேன்.

"உங்களுக்கு எதுக்குங்க? நீங்க சாமிக்கே தபால் போட்டு ரசீது கேக்கற ஆளு. பைக்குத்தான் வெச்சேன், பையாவது பத்திரமா வரட்டும்" என்றாள்.

அறிக்கைக்கு ஒரு நோட்டு. அதில் கட்டம் போட்டுப் பள்ளிவாரியாக எண்களை எழுதுவேன். இன்னொரு நோட்டும் வைத்திருந்தேன். கட்டத்துக்குள் அடங்காதவை அதில் போகும். வழியில் கண்ட மரம், காதில் விழுந்த பேச்சு, வந்த கோபம் எல்லாம். இப்போது சொல்லப்போவது அந்த இரண்டாவது நோட்டில் இருப்பது.

மலைக்குக் கீழே அகளி என்ற ஊர் வரைக்கும் வந்த என் சேவகன் காய்ச்சலில் அங்கேயே படுத்துவிட்டான். தனியாக மேலே ஏறினேன். ஒரு மலைச்சரிவில் மூங்கில் தட்டி வைத்த பள்ளிக்கூடம். வாத்தியார் நஞ்சப்பன், எங்கள் கிழக்குப் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். மனைவியோடு பள்ளிக்குப் பக்கத்துக் குடிசையில் வாசம். முன்னறிவிப்பில்லாத சோதனை. உள்ளே நுழைந்ததும் எண்ணினேன். நான்கு குழந்தைகள். வருகைப் பதிவேட்டைப் பிரித்தேன். பதினெட்டு.

"கூரைக்குக் கீழ எத்தனை தலைங்க, வாத்தியாரே?" கோபத்திலும் மரியாதை குறையாமல் பேசுவது எங்கள் ஊர் வழக்கம். கேட்கிறவருக்கு அது இன்னும் அதிகமாகச் சுடும்.

"நாலுங்க."

"எழுதியிருக்கறது?"

"பதினெட்டுங்க."

"மிச்சம் பதினாலு எங்கீங்க?"

"அதத்தானுங்க சொல்ல வந்தேன். ராகி கதிர் புடிக்கற சமயமுங்க. கிளியும் பன்னியும் எறங்கும். பசங்கெல்லாம் காவலுக்குக் காட்டுல கட்டின பரண் மேல இருக்கறாங்க. காத்தால நான் பேர் கூப்புடறப்ப நீங்க கூட நின்னு பாத்தீங்கன்னா—"

"எழுத்துல சொல்லுங்க. பதினஞ்சு நாள்ல."

பிள்ளை பள்ளிக் கட்டடத்துக்குள் இருந்தால்தான் வருகை. விதி அது. விதியில் பரணைப் பற்றி ஒன்றும் இல்லை. மேற்பார்வைப் புத்தகத்தில் 'பொய் வருகை' என்று எழுதினேன். ஆசிரியரை நீக்கலாம், பள்ளியின் அங்கீகாரத்தையும் ரத்து செய்யலாம் என்று தனிக் கடிதம் எழுதிக் கவரில் போட்டு அரக்கு வைத்தேன். அதை யாரிடம் கொடுத்தேன் தெரியுமா? நஞ்சப்பன் வாத்தியாரிடமே. வேறு ஆள் இல்லை. "விடியறப்பவே கெளம்பி அகளியில எஞ் சேவகங்கிட்டச் சேருங்க. நடுவுல எங்கியும் நிக்கப்படாது" என்றேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அவர் மனைவி கஞ்சி கொண்டுவந்தாள். மறுத்தேன். விசாரணைக்கு உள்ளானவர் வீட்டில் அதிகாரி உண்ணலாகாது. "மேல் பள்ளிக்கூடத்துக்குப் போற வழி ஓடைகிட்ட ரெண்டாப் பிரியுதுங்க. நான் தொணைக்கு வந்துட்டு அப்பறம் அகளிக்குப் போறனே" என்றார் வாத்தியார். அதையும் மறுத்தேன். உதவி வாங்குவதும் கூடாது. இந்த விதிகளையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லி உத்தியோக உயர்வு வாங்கியவன் நான்.

பள்ளிக்கூடத்திலேயே படுத்தேன். உடம்பு அப்போதே சுட்டது. விடிந்தும் விடியாமலும் புறப்பட்டேன். ஓடை வரும் வரும் என்று நடந்தேன். ஓடைச் சத்தம் கேட்டது, ஓடை வரவில்லை. பனி இறங்கிவிட்டது. வழி என்று நினைத்தது வழியாக இல்லை. கால் வழுக்கிச் சரிவில் உருண்டேன். எழுந்திருக்கக் கை ஊன்றிய இடத்தில்தான் அந்த லத்தி.

எங்கேயோ மூங்கில் ஒடியும் சத்தம் கேட்டது. எந்தத் திசையில் என்று தெரியவில்லை. கூப்பிடப் பயம், யானைக்குக் கேட்டுவிடும். கூப்பிடாமல் இருக்கவும் பயம். நஞ்சப்பன் வாத்தியார் இந்நேரம் அகளி வழியில் பாதி தூரம் போயிருப்பார் என்று கணக்குப் போட்டேன். நான்தானே அனுப்பினேன். அன்றைக்கு வெயில் ஏறுவதற்குள் நான் செத்துப்போவேன் என்று தோன்றியது. என் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தோம். அது நினைவுக்கு வந்தது. அழுதேன்.

பிறகு வேண்டினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதலில் மனு மாதிரியே ஆரம்பித்தேன். இன்னார், இன்ன உத்தியோகம், இன்ன இடத்தில் இன்ன நிலையில் என்று. 'இன்ன இடத்தில்' என்பதோடு நின்றுபோனது. எந்த இடம்? எனக்கே தெரியாதே. உத்தியோகமும் அந்த இடத்தில் ஒன்றுக்கும் ஆகவில்லை. விபூதிப் பொட்டலத்தைத் தேடினேன், பை உருண்டு போயிருந்தது. கடைசியில் என் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: "முருகா, நான் இங்க இருக்கறேன்."

மூச்சு விட்டு முடிக்கவில்லை. மேலே எங்கோ ஒரு குரல் நீட்டிக் கூப்பிட்டது.

"மருதீ..."

பனிக்குள் இன்னொரு பக்கத்திலிருந்து மெல்லிய பதில். "உள்ளேன் ஐயா..."

"செல்லா..."

"உள்ளேன் ஐயா..." இது கிட்டத்தில்.

"ரங்கீ..." "காளியா..." ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு திசையிலிருந்து பதில் வந்தது. தூரத்துப் பரணுக்குக் குரல் எட்டாதபோது நடுப் பரணில் இருந்த பிள்ளை அந்தப் பெயரை வாங்கி மறுபடி கூவியது. பதிலும் அப்படியே கைமாறி வந்தது. ஜுரத்தில் பிதற்றலோ என்று நினைத்தேன். பழக்க தோஷம், எண்ணினேன். பதினான்கு.

பதினான்குக்கு அப்புறம் குரல் நின்றது. அந்த நிசப்தம் தந்ததைப் போல் ஒரு பயத்தை நான் அறிந்ததில்லை. நஞ்சப்பன் வாத்தியார் பதிவேட்டை மூடிவிட்டார், இனி அவர் போய்விடுவார். இருந்த பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தினேன்.

"உள்ளேன் ஐயா!"

மேலேயிருந்து வாத்தியார் கேட்டார், "ஆருங்க அது? நம்ம ரிஜிஸ்டர்ல இல்லாத கொரலா இருக்குது."

"நாந்தானுங்க. இன்ஸ்பெக்டர்."

என்ன நினைத்தாரோ தெரியாது. கேட்கும் தைரியம் எனக்குப் பின்னாலும் வரவில்லை. "இருக்கற எடத்துலயே இருங்க, நகராதீங்க" என்றார். அப்புறம் பரணைப் பார்த்து, "காளியா, ஆனை எங்க நிக்குது?"

"ஓடைக்கு இந்தாண்ட மேட்டுல ஐயா. மூங்கல் ஒடிக்குது."

ஓடைப் பக்கம்தான் நான் தவழ்ந்து போகலாம் என்று முழங்காலை ஊன்றியிருந்தேன்.

எல்லாப் பரண்களிலும் ஒரே சமயத்தில் தகரம் தட்ட ஆரம்பித்தார்கள். மூங்கில் ஒடியும் சத்தம் விலகிப் போனது. நஞ்சப்பன் வாத்தியாரும் ஊர்த் தலைவரான மூப்பனும் வந்து என்னைத் தூக்கினார்கள். முந்தின நாள் மறுத்த குடிசையில் படுத்தேன். மறுத்த கஞ்சியைக் குடித்தேன். மூன்றாம் நாள் ஜுரம் விட்டது. அதுவரை ஒவ்வொரு காலையும் படுத்தபடியே அந்தப் பதினான்கு குரல்களையும் கேட்டேன். பெயர் முடிந்ததும் வாய்ப்பாடு. ஒரு பரணிலிருந்து கேள்வி போகும், அடுத்த பரணிலிருந்து விடை வரும். மத்தியானம் வாத்தியார் பலகையைத் தூக்கிக்கொண்டு பரண் பரணாக ஏறி எழுதச் சொல்லிக்கொடுத்தார். உள்ளே இருந்த நான்கு பேரும் பரண் ஏற வயதாகாத சின்னக் குழந்தைகள். பதினெட்டு என்று அவர் எழுதியது சரி. நான் கூரையை எண்ணியிருந்தேன்.

எழுந்து உட்கார்ந்ததும் கேட்டேன். "அந்தக் கவரு?"

சட்டைக்குள்ளிருந்து எடுத்தார். அரக்கு கலையவில்லை. "இருக்குதுங்க."

"விடியறப்பவே கெளம்பச் சொன்னனில்லீங்களா?"

"சொன்னீங்க. பேர் கூப்பிட்டுட்டுப் போலாம்னு நின்னேன். கூப்புடாமப் போனா பசங்க காத்துட்டே இருப்பாங்க."

"உள்ள என்ன இருக்குதுன்னு தெரியுமா?"

"தெரியாமங்களா? நீங்க பேனாவ அமுத்துன சத்தம் எங்க ஊடு வரைக்கும் கேட்டுது."

"தெரிஞ்சுமா கொண்டு போறதா இருந்தீங்க?"

"கவர்மெண்டுக் கவருங்களே" என்றார். உள்ளிருந்து அவர் மனைவி, "நல்லாச் சொன்னீங்க போங்க, தூக்குக் கயிறக் குடுத்தாலும் முறுக்கிக் குடுப்பீங்க" என்றாள். நான் தலை நிமிரவில்லை.

என் உத்தரவை நான் சொன்னபடி அவர் நிறைவேற்றியிருந்தால் அன்று பெயர் கூப்பிட ஆள் இருந்திருக்காது. பதில் சொல்லப் பிள்ளைகள் வாய் திறந்திருக்க மாட்டார்கள். நான் இருந்திருக்க மாட்டேன். வேண்டுதல் முடியும் முன்பே பதில் கிளம்பியிருந்தது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி எனக்கு வேண்டாம். கவரை அடுப்பில் போட்டேன். மேற்பார்வைப் புத்தகத்துக்குப் பக்க எண் உண்டு, கிழிக்க முடியாது. முதல் குறிப்புக்குக் கீழே 'மேற்கண்டது என் பிழை' என்று எழுதினேன். ஒரே வாரத்தில் ஒரே பள்ளியைப் பற்றி முரணாக எழுதியதற்கு மேலிடம் விளக்கம் கேட்டது. எழுதிக் கொடுத்தேன். அந்த வருஷத்தோடு என் உத்தியோக உயர்வு நின்றது. அறிக்கையில் பரண் பற்றி நான் சேர்த்த பக்கத்தைப் பொருத்தமற்றது என்று சிவப்பு மையால் அடித்துத் திருப்பினார்கள். அந்தப் பக்கமும் இரண்டாவது நோட்டுக்கே போயிற்று. நஞ்சப்பன் வாத்தியாரின் வேலை போகவில்லை. என் பெண்ணின் கல்யாணத்துக்கு மலையிலிருந்து ஒரு கூடை ராகிக் கதிர் வந்தது.

இதோடு முடித்தால் நல்ல சாட்சியாக இருக்கும். ஆனால் அதற்கு முன்பு எத்தனையோ மலைகளில், எத்தனையோ கூரைகளுக்குக் கீழே நான் தலை எண்ணியிருக்கிறேன். அந்தக் கவர்கள் எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. அந்த வாத்தியார்களும் ஏதோ சொல்ல வந்தார்கள், எழுத்தில் கேட்டேன். பின்னால் இரண்டு இடங்களுக்குப் போய்ப் பார்த்தேன். தட்டிகூட மிச்சமில்லை. எனக்குக் கிடைத்த இரக்கத்தை நினைக்கும்போதெல்லாம் அவர்களுக்கு நான் காட்டாதது கூடவே வருகிறது. இரண்டும் பிரியவில்லை. பிரிய வேண்டும் என்று நான் கேட்பதும் இல்லை.

வழி தெரியாமல் நிற்கிற அன்பர்கள் யாரேனும் இதைப் படித்தால் ஒன்று சொல்வேன். வார்த்தை சேர்க்க வேண்டாம். தகுதியைப் பட்டியல் போட வேண்டாம். நிற்கிற இடம் எதுவோ அங்கிருந்தே, நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லுங்கள். கூப்பிடுகிறவர் முன்பே கூப்பிட ஆரம்பித்திருப்பார்.

நான் தினமும் விடியற்காலை விளக்கேற்றியதும் அந்தப் பதினான்கு பெயர்களைச் சொல்கிறேன். பிறகு நான் மூடிய பள்ளிக்கூடங்களின் பிள்ளைகள். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. அதனால் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறேன். அதன் பிறகுதான், என் முறை வந்ததும், உள்ளேன் ஐயா என்கிறேன்.